ஏறின முகம்

இந்த வராந்தாவில் நாலு பெஞ்சு, பதினாறு பேர் உட்காரலாம், இப்போது இருப்பது ஒன்பது பேர், மணி ஒன்பது ஏழு. என்னைச் சேர்க்காமல் ஒன்பது. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் தலை எண்ணியவனுக்குத் தன் தலையைக் கணக்கில் சேர்க்கும் பழக்கம் வராது, கண்டக்டர் தலையும் டிரைவர் தலையும் கணக்கு கிடையாது, செக்கிங் ஏறினால்கூட அந்த இரண்டையும் விட்டுவிட்டுத்தான் எண்ணுவார்கள். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஐம்பத்தைந்து சீட், நிற்பவர்கள் எத்தனையோ. மகள் வந்து குடியேறின இந்த அந்நிய நாட்டில், கோர்ட்டு வராந்தாவில் யாரும் நிற்கவில்லை, எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், இருமல்கூட மெதுவாகத்தான் இருமுகிறார்கள். உள்ளே கூப்பிட்டதும் நான் செய்ய வேண்டியது ஒரே காரியம். சர்க்கார் வக்கீல் கேட்பார், பெட்ரோல் பங்க் கடையில் நீங்கள் பார்த்த ஆள் இந்த அறையில் இருக்கிறானா என்று. இருக்கிறான் என்று சொல்லி விரலை நீட்ட வேண்டும். போன வாரம் அவருடைய ஆபீஸில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம், இரண்டு தடவையும் நீட்டினேன், காலி நாற்காலியைப் பார்த்து. என் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் அருளானந்தம் உட்கார்ந்திருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது வயது இருக்கும், கோட்டுப் பையில் மூன்று பேனா. கேஸைப் பற்றி என்னோடு பேசக்கூடாதாம், வந்தவுடன் சொல்லிவிட்டார். "நீங்கள் என்ன சொல்றீங்களோ அதை அப்படியே சொல்றதுதான் ஐயா என்ட வேலை. கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்." நல்ல மனுஷன். கணக்கு தெரிந்தவன் பேச்சு அது. கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். நான் கூட்டினேன். எண்பதைத் தொண்ணூறு ஆக்கினேன், தொண்ணூறை நூறு ஆக்கினேன். அதை இப்போது நினைக்க வேண்டாம், ஒன்பது எட்டு.

ஜூன் மூன்று, திங்கள்கிழமை, சாயங்காலம் ஆறு நாற்பது. மகள் தமயந்தி பால் வாங்கிவரச் சொன்னாள், வீட்டிலிருந்து பங்க் கடைக்கு அறுநூற்று எழுபது அடி. அடி என்றால் என் கால் அடி. கல்லாவில் ஹன்சாபென், குஜராத்தி அம்மா, என்னை அங்கிள் என்பாள், எனக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூட. நான் உள்ளே பால் அலமாரியைத் திறந்துகொண்டு நின்றேன், குளிர் முகத்தில் அடித்தது. அவன் வந்தான், தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தான், துப்பாக்கி. பத்தொன்பது விநாடி. பயத்தில் ஆண்டவனைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு, நான் எண்ணுகிறவன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே அவன் கையைப் பார்த்தேன், கண்டக்டருக்குக் கண் கைக்குத்தான் போகும், காசு கையில் இருக்கும், பொய்யும் கையில் இருக்கும். வலது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்து இரண்டு பாகமாக வளர்ந்திருந்தது. எங்கள் டிப்போ மெக்கானிக் கண்ணுச்சாமிக்கு அப்படி ஒரு நகம், ஜாக்கி விழுந்து நசுங்கியது, சாகும்வரை அது ஒன்று சேரவே இல்லை. பதினேழாவது விநாடியில் துப்பாக்கிக் கட்டையால் ஹன்சாபென்னின் இடது கண்ணில் அடித்தான், பத்தொன்பதில் கதவு மணி அடித்து வெளியே போய்விட்டான். அவள் கல்லாவைத் திறக்கக் குனிந்தவள், முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கண் இப்போது தெரியாது. அதோ நாலாவது பெஞ்சில் கறுப்புக் கண்ணாடி போட்டு அவளும் உட்கார்ந்திருக்கிறாள், வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள், நீங்கள் பார்த்தீர்கள் அங்கிள், அது எனக்குப் போதும் என்று அவளுடைய இந்தியில் சொன்னாள். பிடித்த இடம் இன்னும் சுடுகிறது.

பார்த்தேன், நகத்தைப் பார்த்தேன். அதையும் போலீஸ்காரரிடம் சொன்னேன், அப்போது மொழிபெயர்ப்பு போனில், யாரோ ஒரு பெண் குரல், பின்னால் குக்கர் விசில் கேட்டது, நகம் தாளில் ஏறியதோ இல்லையோ. இரண்டு நாள் கழித்து என்னை வரச்சொல்லி, காபி கொடுத்து, ஒரு தாளில் ஆறு படம் வைத்தார்கள். ஆறும் கறுப்பு முகம், ஆறும் இளவயது. இதில் அவன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று போலீஸ்காரர் முறையாகத்தான் சொன்னார், குறை சொல்ல முடியாது. எனக்குத்தான் இருக்கலாம் என்பது மட்டும் பெரிதாகக் கேட்டது. ஒரு ஆபீசர் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார், காபி ஆறுகிறது, மூன்று நிமிஷம் நாற்பது விநாடி ஆகிவிட்டது. எனக்கு ஒருவரைக் காக்கவைக்கத் தெரியாது. ஒவ்வொரு படமாகக் கண் போனது. நாலாவது படத்தில் உள்ளுக்குள் ஒன்று டக்கென்று சொன்னது, ஏறின முகம். அதை எப்படிச் சொல்வது, இந்த வக்கீலுக்கு, இந்த நாட்டுக்காரர்களுக்கு. கூட்டமான வண்டியில் ஒரு ஸ்டாப்பில் எட்டுப் பேர் ஏறுவார்கள். யார் யார் என்று பெயரா தெரியும், முகத்தை உற்றுப் பார்க்கவா நேரம் இருக்கும், எனக்கு உற்றுப் பார்க்கக் கூச்சமும்கூட. கண்டக்டர் மனசில் இரண்டே பெட்டி. ஏறின முகம், ஏறாத முகம். ஏறின முகம் என்றால் டிக்கெட் கொடுத்தாகிவிட்டது, தாண்டிப் போ. எங்கே ஏறினார், எந்த வண்டியில், நேற்றா இன்றா, அதெல்லாம் பெட்டியில் எழுதியிருக்காது. நாலாவது படம் ஏறின முகம். மற்ற ஐந்தும் ஏறாத முகம். விரலை வைத்துவிட்டேன். எவ்வளவு நிச்சயம் என்று கேட்டார்கள், நூற்றுக்கு எண்பது என்றேன், போலீஸ்காரர் என் தோளைத் தட்டினார். வீட்டில் மாப்பிள்ளை இளவரசு கேட்டபோது தொண்ணூறு என்றேன். சர்க்கார் வக்கீல் ஆகஸ்டில் கேட்டபோது நூறு. யாரும் என்னை ஏற்றச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்கிறவர்கள் முகம் கொஞ்சம் மலர்ந்தது, அவ்வளவுதான், அதற்காகவா ஒருவன் இருபது சதவீதம் கூட்டுவான்.

ஒன்பது இருபத்திரண்டு. எதிர் பெஞ்சில் ஒரு கறுப்பின அம்மா வந்து உட்கார்ந்தாள், இப்போது பத்துப் பேர். மடியில் ஒரு வெள்ளைச் சட்டை, ஹேங்கரோடு, பிளாஸ்டிக் உறை போட்டது. காலரை உறைக்கு மேலேயே விரலால் நீவிக்கொண்டிருக்கிறாள். குட்மார்னிங் சார் என்றாள் என்னைப் பார்த்து, நான் தலையைக் குனிந்துகொண்டேன். விரல்கள் நீளம். இடது மணிக்கட்டில் ஒரு அடையாள வளையம், ஆஸ்பத்திரி வளையமோ இங்கே கொடுத்ததோ. பார்க்காதே. ஒரு இளம் வக்கீல் வந்து சட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், டெரல் என்று ஏதோ சொன்னார், அவள் அவர் கையை ஒரு நிமிஷம் விடவில்லை. டெரல். நாலாம் நம்பர் படத்தின் பெயர் அது. ஜெயில் உடுப்போடு ஜூரி முன்னால் உட்காராமல் இருக்கச் சட்டை கொண்டுவந்திருக்கிறாள். என்னைத் தெரியாது அவளுக்கு, சாட்சி நான்தான் என்று தெரியாது, சும்மா ஒரு கறுத்த கிழவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று மரியாதைக்குச் சொல்லியிருக்கிறாள். ஜூன் ஆறிலிருந்து இன்று அக்டோபர் இருபத்தைந்து வரை நூற்று நாற்பத்தொரு நாள் அவன் உள்ளே இருக்கிறான். ஜாமீனுக்குக் கட்ட முடியாத தொகை கேட்டார்களாம். முன்னே இவ்வளவு கடுமை இல்லையாம், போன தேர்தலுக்குப் பிறகு மாற்றினார்களாம், மாப்பிள்ளை சந்தோஷமாகச் சொன்னார்.

இங்கே சர்க்கார் வக்கீலையே ஓட்டுப்போட்டுத்தான் எடுக்கிறார்கள், இன்னும் பதினோரு நாளில் தேர்தல். தபால் பெட்டியில் செப்டம்பரிலிருந்து பதினேழு நோட்டீஸ் வந்தது, எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். பதினேழில் ஒன்பதில் குற்றவாளி படம், ஒன்பதும் கறுப்பு. பயந்த முகம் போட்டது ஆறு, ஆறும் வெள்ளை. மற்ற கட்சிக்காரர் நோட்டீஸும் அதிகப் போலீஸ் வேண்டும் என்றுதான் சொல்கிறது, எழுத்து கொஞ்சம் சின்னது. அந்த ஒன்பதில் நாலில் டெரல். நான் விரல் வைத்த அதே படம், தாள் அளவுக்குப் பெரிதாக்கி, கொஞ்சம் இன்னும் கறுப்பாக்கி. கீழே, இவன் முன்பே கைதானவன் என்று. முன்பு என்ன செய்தான் என்று தமயந்தியைப் பேப்பரில் பார்த்துச் சொல்லச் சொன்னேன். காலாவதியான லைசென்ஸோடு கார் ஓட்டினானாம். அதற்குத்தான் படம் எடுத்தார்களாம், அந்தப் படம்தான் ஆறில் ஒன்றாக என் முன்னால் வந்தது. தீபாவளி விழாவுக்கு ஹால் அக்டோபர் பன்னிரண்டாம் தேதிதான் கிடைத்தது, பண்டிகைக்கு முன்னாலேயே கொண்டாடினோம், அங்கே நம் சர்க்கார் வக்கீல் வந்து குத்துவிளக்கு ஏற்றினார், மாப்பிள்ளை என்னை முன்னால் தள்ளிவிட்டார், அவர் என் கையைக் குலுக்கினார், மூன்று விநாடி, மெத்தென்ற கை. வீட்டு வாசல் புல்தரையில் அவர் பெயர் போட்ட அட்டையை மாப்பிள்ளை நட்டு வைத்திருக்கிறார். சாப்பிடும்போது ஒரு தம்பி, மாமா நீங்க சிங்கம் மாமா என்றான். அவனுங்க ஏரியாப் பக்கம் காரை நிறுத்தவே கூடாது என்றான் இன்னொருவன், வாயில் ஜாங்கிரி. "போலீஸ் பயம்னு ஒண்ணு இருக்கணும் மாமா, நம்ம ஊர்ல அது இருந்துச்சு," என்றார் மாப்பிள்ளை. இருந்தது, மாப்பிள்ளை. எங்கள் வீட்டில் இருந்தது.

போன வருஷம் வந்த புதிதில், காலை நடையில் தெருவில் வீடுகளை எண்ணிக்கொண்டு போனேன். கறுத்த கிழவன் ஒருவன் ஒவ்வொரு வீட்டையும் விரல் காட்டி எண்ணுகிறான் என்று யாரோ போன் பண்ணிவிட்டார்கள், போலீஸ் கார் வந்து நின்றது, நான் முப்பத்தெட்டு என்று தமிழில் சொல்லிக்கொண்டு நின்றேன், தமயந்தி நைட்டியோடு ஓடிவந்தாள். அன்றிலிருந்து மாப்பிள்ளையின் பழைய கால்பந்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன், விரலை நீட்டாமல் மனசுக்குள் எண்ணுகிறேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அய்யா சிரித்திருக்க மாட்டார். என் அய்யா பின்னத்தேவன், வெள்ளைக்காரன் கொண்டுவந்த ரேகைச் சட்டத்தில் பத்து விரலும் பதிந்தவர். எந்தக் களவும் செய்ததற்காக இல்லை, எங்கள் சாதியில் பிறந்ததற்காக. பக்கத்து ஊர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும், ராத்திரி எல்லா ஆம்பிளைகளும் போலீஸ் கச்சேரியில் வந்து படுக்க வேண்டும், போலீஸ்காரன் லாந்தரைத் தூக்கித் தலை எண்ணுவான், பெயர் கூப்பிட்டால் இருக்கேன் சாமி என்க வேண்டும். நான் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்னாலேயே சட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் எனக்கு நினைவு தெரிந்து, தூக்கத்தில் பாயில் எழுந்து உட்கார்ந்து, பின்னத்தேவன், இருக்கேன் சாமி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். அம்மா எழுப்ப மாட்டாள். காலையில் கேட்டால் ஞாபகம் இல்லை என்பார். அவர் எண்ணப்பட்டவர், நான் எண்ணினவன், காக்கிதான் இரண்டு பேருக்கும் பொது. கண்டக்டர் வேலை கிடைத்து முதல் நாள் காக்கிச் சட்டை போட்டு அவர் முன்னால் நின்றபோது எழுந்து நின்றுவிட்டார், என் பிள்ளைதான் என்று தெரிந்தும் எழுந்தார், நான் அன்று அதை எவ்வளவு பெருமையாக நினைத்தேன். ஜெயிலிலும் தலை எண்ணுவார்களாமே, ஒரு நாளைக்கு எத்தனை தடவை. நூற்று நாற்பத்தொன்றை நாலால் பெருக்கினால் ஐந்நூற்று அறுபத்து நாலு. வேண்டாம்.

ஒன்பது நாற்பத்தொன்று. பஸ். பதினாலாம் நம்பர் பஸ். மார்ச்சிலிருந்து செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் நூலகத்துக்குப் போகிறேன், அங்கே தமிழ்ப் பத்திரிகை பழசு கிடக்கும். இந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது, இறங்க வேண்டுமென்றால் ஜன்னலோரம் தொங்குகிற மஞ்சள் கயிற்றை இழுக்க வேண்டும், மணி அடிக்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். விசில் ஊதி முப்பத்தொரு வருஷம் வண்டியை நிறுத்தினவனுக்கு அந்தக் கயிற்றை இழுக்கக் கூச்சம். இழுத்ததே இல்லை. ஆனாலும் ஸ்டாப்பில் வண்டி நின்றது, நான் இறங்கினேன். ஜூன் வரைக்கும் நின்றது. பிறகு நிற்கவில்லை, அடுத்த ஸ்டாப்பில் வேறு யாரோ இழுக்க, இறங்கி நானூற்றுப் பன்னிரண்டு அடி திரும்பி நடந்தேன், வழக்கத்தை மாற்றிவிட்டார்கள் போல என்று நினைத்தேன். நாலரை மாசம் நடந்தேன். பாலத்து ஸ்டாப் தாண்டினால் எப்போதும் பன்னிரண்டு தலை, ஜூனிலிருந்து பதினொன்று, அதுவும் தெரியும், எண்ணிக்கொண்டேதானே இருந்தேன், ஒன்று குறைகிறது, குறையட்டும். போன வியாழன் மழை. ஸ்டாப் தாண்டிப் போகிறது, கயிறு தொங்குகிறது, திடீரென்று கேட்டுக்கொண்டேன், அப்படியானால் இத்தனை நாள் அதை இழுத்தது யார். திரும்பிப் பார்த்தேன். பின் கதவுக்குப் பக்கத்து ஜன்னல் சீட் காலி. அங்கே சமையல்காரர் போடுகிற கட்டம் போட்ட கால்சட்டை, மடியில் சாப்பாட்டுப் பொட்டலம், தலையை ஜன்னலில் சாய்த்துத் தூங்குவதுபோல இருப்பான், நூலக ஸ்டாப் வரும்போது மட்டும் நீளமான கை ஒன்று எழுந்து கயிற்றை இழுக்கும். அவன் அங்கே இறங்க மாட்டான். எனக்காக இழுத்திருக்கிறான். நான் ஒரு நாளும் திரும்பி முகத்தைப் பார்க்கவில்லை, நன்றி சொல்லவில்லை, ஓரக்கண்ணால் ஏறின முகம் என்று மட்டும் மனசு குறித்துக்கொண்டது. பிறகு ஒரு நாள் ஆறு படத்தை வைத்தார்கள்.

ஒரு வாரம் தூக்கமில்லை. இன்று காலை காரில் வரும்போது தமயந்தியிடம் பாதி சொன்னேன். சிக்னலில் வண்டி நின்றது, பச்சை விழுந்தும் அவள் எடுக்கவில்லை, பின்னால் ஹாரன். "அப்பா, இத்தனை நாள் கழிச்சு மாத்திச் சொன்னா பொய்ச்சாட்சின்னு உங்களையே பிடிப்பாங்க. கிரீன் கார்டுல கை வச்சா நான் என்ன செய்வேன், அவர் முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றாள். கோர்ட்டு வாசலில் இறங்கும்போது தொப்பியை வாங்கிக்கொண்டாள், உள்ளே தொப்பி போடக்கூடாதாம், என் தலைமுடியைக் கையாலேயே சரிசெய்துவிட்டாள், கண் கலங்கியிருந்தது. அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஹன்சாபென் மணிக்கட்டைப் பிடித்ததிலும் தப்பு இல்லை. நான் வாயைத் திறந்தால் அவள் கண்ணுக்கு யார் பதில் சொல்வது, பிளந்த நகத்துக்காரன் எந்தக் கடையில் எந்தக் கல்லா முன்னால் நிற்கிறானோ. திறக்காவிட்டால் மட்டும் அவன் பிடிபட்டுவிடுவானா, இல்லை, அவனைத் தேடுவதையே நிறுத்தி நூற்று நாற்பத்தொரு நாள் ஆகிறது, நிறுத்தியது என் விரல். இப்படியும் கணக்கு வருகிறது, எத்தனை தடவை போட்டாலும் வருகிறது. ஒருவேளை பஸ்ஸில் வந்தவனே கடைக்கும் வந்திருந்தால். இருக்கலாம். இருக்கலாம் என்பது பெரிதாகக் கேட்கிற வார்த்தை, ஒரு தடவை கேட்டது போதும். நகத்தைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். நகம் சேர்ந்திருக்காது. கண்ணுச்சாமிக்குச் சேரவில்லை. எதிர் பெஞ்சு அம்மா கைக்குட்டையை எட்டாக மடிக்கிறாள், பிரிக்கிறாள், மடிக்கிறாள். நீளமான விரல்கள். கயிற்றை இழுத்த கை இவள் கொடுத்தது. பார்க்காதே என்றேன் அல்லவா.

பத்து மணி மூன்று நிமிஷம், கதவு திறந்தது, காவலர் ஒருவர் என் பெயரைக் கூப்பிட்டார், ஒச்சப்பன் என்பதைப் பாதியில் முறித்து ஏதோ போல. எழுந்தேன். இருக்கேன் சாமி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, எங்கிருந்து வந்தது, எனக்கு எழுபத்து மூன்று வயது, ஒரு நாளும் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. எதிர் பெஞ்சு அம்மா நிமிர்ந்து பார்த்தாள், இப்போது தெரிந்துவிட்டது அவளுக்கு நான் யார் என்று, அவள் முகம் மூடிக்கொண்டது, நான் அதை முழுதாகப் பார்த்தேன், திருப்பிக்கொள்ளவில்லை. கதவிலிருந்து சாட்சிக் கூண்டுக்கு இருபத்தாறு அடி. அருளானந்தம் என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். சத்தியம் வாங்கினார்கள். பெயர் கேட்டார்கள், தொழில் கேட்டார்கள், கண்டக்டர் என்றேன். கடை, தேதி, பால், பத்தொன்பது விநாடி எல்லாம் ஒத்திகைபோலவே ஓடியது. அந்த மேஜையில் வெள்ளைச் சட்டை போட்டு ஒருவன், இரண்டு கையும் மேஜைமேல். கட்டைவிரல் நகம் இரண்டும் முழுசு. வழவழவென்று முழுசு. சர்க்கார் வக்கீல் கேட்டார், அருளானந்தம் தமிழில் சொன்னார், நீங்கள் கடையில் பார்த்த ஆள் இந்த அறையில் இருக்கிறாரா.

நான் கையிலிருந்து கண்ணை எடுத்து முகத்துக்குக் கொண்டுபோனேன். மூன்று நிமிஷம் நாற்பது விநாடி ஆகியிருக்காது, பத்து விநாடிகூட இல்லை, ஆனால் யாரையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அவனும் பார்த்தான். அவனுக்கு என்னைத் தெரிந்திருந்தது. கயிறு இழுக்கத் தெரியாத கிழவனைத் தெரிந்திருந்தது.

"இவரை எனக்குத் தெரியும்," என்றேன். "பதினாலாம் நம்பர் பஸ்ஸுல பின் கதவுக்குப் பக்கத்து சீட்டுல வருவார். எனக்காக மணி அடிப்பார். அந்த முகத்தைத்தான் படத்துல காட்டினேன். கடையில நான் முகம் பார்க்கல, கையைப் பார்த்தேன். அந்தக் கைக்குக் கட்டைவிரல் நகம் ரெண்டாப் பிளந்திருந்துச்சு. இது அந்தக் கை இல்ல. எண்பதுன்னு சொன்னது தப்பு, நூறுன்னு சொன்னது அதைவிடத் தப்பு. ரெண்டும் நான் சொன்னது."

அருளானந்தம் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார், நிறுத்தி நிறுத்தி, நான் நிறுத்திய இடங்களிலேயே நிறுத்தி. எத்தனை வாக்கியம் என்று விரல் மடக்கிக் கேட்டேன். ஒன்பது. கூட்டவில்லை, குறைக்கவில்லை. சர்க்கார் வக்கீல் கையிலிருந்த தாளைத் திருப்பினார், மறுபடி முன்பக்கம் திருப்பினார். நீதிபதி ஏதோ சொன்னார், இரண்டு வக்கீலும் எழுந்து அவரிடம் போனார்கள், அவர்கள் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள், என்ன செய்வார்களோ தெரியாது, நான் தலை எண்ண ஆரம்பித்தேன். ஜூரியில் பதினாலு பேர், இரண்டு பேர் உபரி. நீதிபதி, எழுதுகிறவர், காவலர் இரண்டு, வக்கீல்கள் மூன்று, பார்க்க வந்தவர்கள் ஆறு, அருளானந்தம், டெரல். இருபத்தொன்பது. கணக்கு எங்கேயோ இடித்தது, ஒன்று குறைகிறது, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன், அப்போதும் இருபத்தொன்பது. பிறகுதான் பிடிபட்டது. முப்பது, என்னையும் சேர்த்து.